யாரும் பார்க்காத வீடு

நாட்டின் ரகசியங்களை விற்ற என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. மூன்று தலைமுறைக் கலெக்டர் குடும்பமாயிற்றே! ஆனால் ஜனங்கள் சும்மா விடவில்லை. போனில் ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்: வீடு முழுக்கக் கேமரா. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திட்டலாம். ஒரு நாள் முழுக்க ஒருவரும் பார்க்காவிட்டால்தான் அணையும்.

அவர் தினமும் கோட் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கியது நான். "துரோகி வீட்டு ரசத்துல பெருங்காயம் போதாது" என்று சேலத்திலிருந்து ஒருத்தி எழுதியதைக்கூடச் சுவர் ஸ்பீக்கர் சத்தமாக வாசித்தது.

இன்று காலை அடுக்களைக் கேமராவின் விளக்கு அணைந்திருந்தது. நம்பாமல் நாக்கை நீட்டிப் பழித்தேன். ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. உடனே கசங்கிய நைட்டிக்கு மாறி, தரையில் சப்பணமிட்டு, பாத்திரத்தோடு பழையதை அள்ளிச் சாப்பிட்டேன்.

அவர் கோட்டோடு வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒருத்தர்கூடவா பார்க்கலை, சாரு?"

"ஒருத்தர்கூட."

தயங்கினார். "அந்த நாட்டுக்காரங்க? என்கிட்ட வாங்கினவங்க?"

வாயிலிருந்த சோறு சிதற, கேமரா வந்தபின் முதன்முறையாக, விழுந்து விழுந்து சிரித்தேன்.