ஜூன் பத்தொன்பது

"நாளைக்கு நீ வரலேன்னா, அப்புறம் எப்பவுமே வர வேண்டாம், லவெர்ன்."

பேக்கரி முதலாளி ஹாஸ்கின்ஸ், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து காபியை உறிஞ்சியபடி சொன்னார். லவெர்ன் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஜூன் பத்தொன்பது, சார். அடிமைத்தனம் ஒழிஞ்சுதுன்னு எங்க ஆளுங்களுக்கு இந்த டெக்சாஸ்ல சேதி வந்த நாள். வருஷா வருஷம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் பார்க்குக்குப் போறேன். நீங்களும் முணுமுணுத்துட்டு விட்டுடுவீங்க. இந்த வருஷம் என்ன புதுசா?"

"இந்த வருஷம் பெரிய ஆர்டர். முன்னூறு பேருக்குக் கேக். நாளைக்கு மத்தியானம் நானே கொண்டுபோய் இறக்கணும். கிரீம்ல உன்னை மாதிரி எழுத இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"இந்த வருஷந்தான் சார் நாடு முழுக்க விடுமுறைன்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு."

"அது அரசாங்க ஆபீஸுக்கு. என் கடைக்கு இல்ல."

என்ன திமிர் பாருங்கள். லவெர்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இடுப்பில் இருந்த காலத்திலிருந்து ஒரு வருஷம்கூட அவள் அந்த நாளைத் தவறவிட்டதில்லை. கறி சுடும் புகை, சிவப்பு சோடா, ஊரைவிட்டுப் போன சொந்தமெல்லாம் திரும்பி வந்து அடிக்கும் அரட்டை. வேலையை உதறிவிடலாம்தான். ஆனால் இந்தச் சின்ன ஊரில் வேறு வேலைக்கு எங்கே போவது?

"கேக் யாருக்கு?" என்று கேட்டாள்.

ஹாஸ்கின்ஸ் சொன்னார்.

லவெர்ன் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு, "சரி சார். வர்றேன்" என்றாள்.

"அப்படி வா வழிக்கு."

மறுநாள் மத்தியானம் பெட்டியை மூடி, ரிப்பன் கட்டி, வண்டியில் ஏற்றியதும் அவளேதான்.

"வழியில திறந்துடாதீங்க சார். இந்த வெயிலுக்கு கிரீம் இளகிடும். அங்க போய் எல்லார் முன்னாடியும் திறங்க."

"உனக்கு இருக்கிற அக்கறை வேற யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நீதிமன்றப் புல்வெளியில் 'அடிமை ஒழிப்பு நாள்: முதல் அரசு விழா' என்று பெரிய பேனர். அதன் கீழே நின்று ஹாஸ்கின்ஸ் பெருமையாக மூடியைத் தூக்க, முன்னூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

சிவப்பு கிரீமில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "இந்தக் கேக்கைச் செய்தவளுக்கு இன்றைக்கு லீவு கிடையாதாம். அப்படிச் சொன்னவர் இதோ, மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இப்படிக்கு, லவெர்ன்."