பெயர் இல்லாத பட்டியல்

"பேரே இல்லையே, என்ன லிஸ்ட் இது?"

பேராசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. முன்பக்கத்தில் ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசை எண், எதிரே வயது, ஒரு செல்போன் நம்பர். அவ்வளவுதான்.

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். "பேர் வேண்டாம்னு தோணுச்சு சார்."

"தோணுச்சா? அரசாங்கத்துலேர்ந்து மேடம் வந்து உட்கார்ந்திருக்காங்க. இப்பப் போய் உனக்குத் தோணினதைச் சொல்லிட்டிருக்கே!"

மேஜைக்கு அந்தப் பக்கம் நிதித்துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் சமூகத் தொழில்முனைவோர் பயிற்சிக்கு அரசு தரும் மானியம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்பது அவர் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

மாணவி நடத்துகிற திட்டத்துக்குப் 'பேச்சுத்துணை' என்று பெயர். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். பல்பு மாற்றுவது, மாத்திரை வாங்கித் தருவது எல்லாம் அதற்குள் அடக்கம். வேலையில்லாத பத்துப் பெண்களுக்கு இதனால் சம்பளம் கிடைத்தது. பேராசிரியருக்கு இது செல்லத் திட்டம். எந்த மேடையில் ஏறினாலும் இதைப் பற்றிப் பேசாமல் இறங்கமாட்டார். பேசப் பேச அவருக்கே கண் கலங்கிவிடும்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் அதிகாரி. "போன வருஷம் ஒரு காலேஜ்ல இப்படித்தான் லிஸ்ட் கொடுத்தாங்க. விசாரிச்சா பாதிப் பேர் உயிரோடவே இல்ல."

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. "மேடம், இங்க அந்த வேலையெல்லாம் கிடையாது!"

"இவங்கெல்லாம் பிள்ளைங்க இல்லாதவங்களா?" என்று மாணவியிடம் கேட்டார் அதிகாரி.

"பாதிப் பேருக்கு இருக்காங்க மேடம். இதே ஊர்லதான் இருக்காங்க. வர்றதில்ல."

"பிள்ளைங்களா அதுங்க?" பேராசிரியர் மேஜையைத் தட்டினார். "நானா இருந்தா அவங்க பேரையும் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பேன்!"

மாணவி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"யாராவது ஒருத்தருக்குப் போன் போட்டுப் பார்த்துடலாமா?" என்றார் அதிகாரி. "ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"தாராளமா!" பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு தாளின் மேல் விரலை வைத்தார். "பதினேழு."

மாணவியின் முகம் வெளுத்துப்போனது. "சார், அது வேண்டாம். வேற ஏதாவது..."

"ஏன்?"

"அவங்க... தூங்குற நேரம் சார்."

"காலையில பதினோரு மணிக்கா?"

அதிகாரி பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பேராசிரியர் அதைக் கவனித்தார். இல்லாத ஆட்களை எழுதி வைத்துவிட்டாளா இவள்? இவளை நம்பி ஊரெல்லாம் பேசித் தொலைத்தோமே!

"சார், ப்ளீஸ். பதினெட்டுக்குப் போடுங்க. யாருக்கு வேணும்னாலும் போடுங்க. இது மட்டும் வேண்டாம்."

"பேசாம நில்லு. இதுக்குத்தான் போடப்போறேன்."

தாளைப் பார்த்துப் பார்த்துத் தன் செல்போனில் பத்து எண்களையும் அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு, மூன்று பேருக்கும் கேட்கட்டும் என்று போனை மேஜை நடுவில் வைத்தார்.

ரிங் போனது. அதிகாரிதான் முதலில் குனிந்து போனைப் பார்த்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார்.

திரையில் 'அம்மா' என்று இருந்தது.

தப்பாக அழுத்திவிட்டோமோ என்று பேராசிரியர் தாளோடு ஒப்பிட்டார். தப்பில்லை. அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. எப்போதோ பதிந்து வைத்தது. கடைசியாக எப்போது கூப்பிட்டோம் என்று யோசித்தார். அதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அம்மா வீடு ஊரின் அந்தக் கோடியில், நாற்பது நிமிடத்தில் போய்விடலாம்.

"அவங்க வீட்டுச் சுவத்துல உங்க போட்டோ மாட்டியிருக்கு சார்," என்றாள் மாணவி, காதில் விழுமோ விழாதோ என்கிற குரலில். "அவங்க பேரை மட்டும் எடுத்தா ஏன்னு கேட்பாங்க. அதான் எல்லார் பேரையும் எடுத்துட்டேன்."

பேராசிரியர் கூனிக்குறுகிப் போனார். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. போனை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். எங்கிருந்தோ ஓடி வந்து எடுத்ததுபோல் மூச்சு வாங்கியது. பிறகு பதறிக்கொண்டு குரல் வந்தது.

"என்னப்பா... நீயா கூப்பிடுறே? யாருக்கு என்ன ஆச்சு?"