அப்பா அட்டை

“யாரும் வாயத் தொறக்கப்படாது, சொல்லிட்டேன்! அவனா எடுத்துக் குடுக்கணும்” என்றாள் கல்யாணசுந்தரி.

அவள் கணவன் குமரகுரு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். லடாக்கில் எட்டு மாதம் எல்லைக் காவல் நின்றபோதுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. காலையில் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, குத்துக்கல்வலசை வீட்டுக்கு ஓடி வந்தவன். மத்தியானம் ஆகியும் நாலு வயது மகன் இசக்கிமணி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று அழுது தீர்த்த கல்யாணசுந்தரி, மறுநாளே பயிற்சி மையத்து வாசலில் போய் நின்றுவிட்டாள். அங்கே சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பட அட்டைகள். எது வேண்டுமோ அதன் படத்தைப் பிள்ளையே எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த நிமிஷமே அது அவனுக்குக் கிடைத்துவிட வேண்டும்.

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்திருந்த குமரகுருவின் அக்கா ஆனந்தவள்ளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பாவம்லா, பிள்ளை பொட்டலத்தையே பாக்கான். ரெண்டு எடுத்துக் குடுத்தா என்னட்டி?”

“கொஞ்சம் பொறுங்க மதினி!”

இசக்கிமணி தரையில் பரப்பியிருந்த அட்டைகளைத் துழாவினான். சிப்ஸ் படத்தை உருவி அம்மா கையில் வைத்தான்.

“சிப்ஸ் வேணுமா? இந்தா சிப்ஸ்!” அடுத்த நொடி அவன் கையில் சிப்ஸ்.

“ஆத்தாடி, கேட்டுட்டானே!” ஆனந்தவள்ளி கைதட்டப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது என்ன மதினி, அப்பா படத்தையும் தெனமும் எடுத்துக் குடுக்கான். ஒருநாள் தவறமாட்டான்!”

குமரகுருவுக்கு வேண்டியதும் அதுதானே! பதினைந்து நாள் லீவு. அதற்குள் மகன் தன்னை வேண்டுமென்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், வேறென்ன வேண்டும் அவனுக்கு?

“என்னக் கேப்பானாக்கா?” என்றான் மெதுவாக.

கேட்டான்! சிப்ஸ் தீர்ந்ததும் நேரே குமரகுருவின் போட்டோ ஒட்டிய அட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

“ஏங்க, உங்களத்தாங்க கேக்கான்! வாங்க, சீக்கிரம் வாங்க!” கல்யாணசுந்தரி குதித்தே விட்டாள்.

ஒரே எட்டில் பாய்ந்து மகனைத் தூக்கிக்கொண்டான் குமரகுரு. “எலே! அப்பா வந்துட்டம்லே!”

இசக்கிமணி வீறிட்டான். கையையும் காலையும் உதறித் திமிறி இறங்கினான். அதே அட்டையை மறுபடியும் அம்மா கையில் திணித்தான்.

“அப்பாதான் இங்கன நிக்காவளே, ராசா!”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேசை மேல் கிடந்த செல்போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“எட்டு மாசமா இந்த அட்டையக் குடுத்தா, நான் உங்களுக்கு வீடியோ கால் போட்டுத்தானங்க காட்டுனேன்...” கல்யாணசுந்தரி செல்போனைக் கணவனிடம் தூக்கிக் காட்டினாள்.

குமரகுருவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கேட்டது தன்னைத்தானே! அந்த நிமிஷமே கிடைக்க வேண்டாமா? வாசலுக்கு ஓடி, கொட்டும் சாரலில் நின்று, மனைவியின் நம்பருக்கு வீடியோ கால் போட்டான்.

“எலே, அப்பா வந்துட்டம்லே!” என்றதும், வீட்டுக்குள்ளே மகன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.