கூடம் நிறைந்த கதை

தணிகாசலம் ஓய்வுபெற்ற கையோடு ஒரு கதைப்பேனா வாங்கினார். அதில் எழுதினால் கதாபாத்திரங்கள் நேராகக் கூடத்துக்கே வந்துவிடுவார்கள். கதை முடிந்தால்தான் கிளம்புவார்கள். அவருக்கோ கதையை முடிக்கவே வராது. ஒரே வாரத்தில் வீட்டுக்குள் இரண்டு படைத்தளபதிகள், ஒரு முழுக் கல்யாணக் கோஷ்டி, குளியலறையில் ஒரு குதிரை. அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குப் பசித்தது.

"ஏங்க, நான் அண்டாவுல மாவு கரைச்சிட்டிருக்கேன். இனி ஒருத்தர் வந்தாலும் நம்ம பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா!" என்று பெட்டியைக் கட்டினாள் மனைவி வேதநாயகி.

அலறிப்போய்க் குறுங்கதை வகுப்பில் சேர்ந்தார். சுருக்கவும் முடிக்கவும் கற்றார். தளபதிகளைச் சமாதானமாக்கி, மணமக்களைத் தேனிலவுக்கு அனுப்பி, குதிரை வந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டதும் வீடு காலியானது.

"ஒரே ஆள், ஒரே சம்பவம். பத்தே வரியில முடிச்சிடுறேன், நாயகி!" என்று கெஞ்சிப் புதுக்கதை எழுதினார். வந்தவர் ஒரு சமையல்காரர். வேதநாயகியை உட்காரவைத்து, நெய் மிதக்கும் பொங்கலைச் சுடச்சுடப் பரிமாறினார்.

கடைசி வரிக்குப் பேனாவை எடுத்த தணிகாசலத்தின் கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"இதை மட்டும் நாவலா எழுதுங்க!"