ஏழு பென்சில் படங்கள்

“உங்க கொள்ளுத்தாத்தா கப்பல்ல காலே வைக்கல சார்.”

அருங்காட்சியக ஊழியர் ரோவினா இப்படிப் போட்டு உடைத்ததும் கத்பர்ட்டின் முகம் தொங்கிப்போனது.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான விட்பியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமென்று ஏழு பென்சில் படங்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார் பாவம். விக்டோரியா ராணி காலத்தில் கப்பல் தச்சராக இருந்த கொள்ளுத்தாத்தா எட்வின், ஓய்ந்த நேரத்தில் வரைந்தவை.

“என்னம்மா இது! அஞ்சு வருஷம் கடல்லயே கெடந்தவரும்மா அவரு.”

“இந்தத் தேதியைப் பாருங்க. நவம்பர் ஒம்போது. கடல் குளம் மாதிரி கெடக்கு, ஒருத்தர் ஜாலியா பிடில் வாசிக்கிறார். அவர் போனதாச் சொல்ற கப்பலோட நாட்குறிப்பு எங்ககிட்ட இருக்கு. அதுல அன்னிக்கு என்ன தெரியுமா? ‘புயல். பாய்மரம் முறிந்தது. இருவரைக் காணோம்.’”

“ஒண்ணுல தேதி தப்பிப் போயிருக்கும்.”

“ஏழும் இதே கதைதான் சார். ஏழு நாளும் புயல், ஏழு படத்துலயும் அமைதி. கரையில உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்த தேதியைப் போட்டிருக்கார்.”

“ஊரெல்லாம் பெருமை அடிச்சுட்டேனே! புளுகன் பேரன்னு சிரிப்பாங்களே!”

ரோவினாவுக்கும் மனதுக்குள் ஏதோ இடித்தது. எது என்றுதான் பிடிபடவில்லை. தலை சுற்றியதுதான் மிச்சம். படங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று துணியை இழுத்தபோது போன் அடித்தது. வலக்கை மாவுக்கட்டில் இருந்ததால் இடக்கையால் எடுத்தாள்.

“சொல்லும்மா... நியூஸ்ல காட்டுனாங்களா? ஆமா, இங்க பனி உறைஞ்சு ஒரே வழுக்கல்தான்... நானா? விழுறதாவது! ஒரு கீறல்கூட இல்லம்மா. ஜம்முனு இருக்கேன்.”

போனை வைத்தாள். கத்பர்ட் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா அம்மா தூங்க மாட்டாங்க சார்” என்று அசடு வழிந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

“சார், இந்தப் படமெல்லாம் அவர் யாருக்கு அனுப்பினார்?”

“அவங்க அம்மாவுக்குத்தான். அந்தம்மாவோட தையல் பெட்டியிலதான் கெடைச்சுது.”

ரோவினா படங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“கரையில இருந்தவருக்கு ஏழு புயலோட தேதியும் எப்படி சார் தெரியும்?”

“அப்ப... அவரு புளுகலையா?”

“சுத்தப் புளுகு சார். புயல்ல நின்னவர் சொன்ன புளுகு.”