அரணையின் முதுகில்

தராசில் அரணை அசையாமல் கிடந்தது.

"முந்நூத்திப் பத்து கிராம்," என்றார் மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "போன வருஷச் சீட்டுல நானூத்தம்பது இருக்கே."

அந்தச் சீட்டில், வளர்ப்பவர் என்ற இடத்தில், அதைக் கொண்டுவந்த தையல்காரியின் புருஷனுடைய முதல் மனைவி பெயர் இருந்தது. அவள் செத்து மூன்று வருடம். பெயரை யாரும் மாற்றவில்லை.

தையல்காரி அதைப் படிக்காததுபோல் நின்றாள்.

மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டிக்குள், துண்டுக்கடியில், அவளுடைய தாடி ஓணான் நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம். குடிபோனது சின்ன வீடு. சாமான்கள் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன: இரண்டு பீரோ, இரண்டு கட்டில், இரண்டு கண்ணாடித் தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒன்று போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் போனது அவளுடையது.

அப்படித்தான் ஓணான், மூத்தாள் அரணை வளர்த்த தொட்டிக்குள் வந்து சேர்ந்தது. ஒரு தொட்டி, ஒரு சூட்டு விளக்கு, இரண்டு இனம்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டான் எங்கண்ணன்," என்று நாத்தனார் சிரித்தாள். ஓணானைத்தான் சொன்னாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அரணையை அவன் தங்கம் என்பான். இவளை, இந்தா என்பான்.

ஒருமுறை இவள் காய்ச்சலில் கிடந்தாள். அவன் தெர்மாமீட்டரோடு அறைக்குள் வந்தான். தொட்டிக்கு வைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

அரணைக்கு மறதி அதிகம் என்பார்கள். கடிக்க வந்து, வந்ததை மறந்து திரும்பிவிடுமாம். இது எதையும் மறக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூத்தாளோ என்று தலையைத் தூக்கும்.

அவனும் தூக்குவான்.

மண்ணில் செய்து வைத்தாலும் சக்களத்தி சக்களத்திதான் என்பாள் அவள் அம்மா. இவளுடைய சக்களத்திக்கு நாலு குட்டைக் காலும் ஒரு நீல நாக்கும் இருந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஓணான் செய்த துரோகம்.

காலையில் விளக்கைப் போட்டதும் அது நேரே போய் அரணையின் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கண்ணையும் மூடிக்கொள்ளும். ஐந்து வருடம் அவள் கையில் தின்று வளர்ந்த பிராணி.

"பாரேன், கூடப்பொறந்ததுங்க மாதிரி," என்பான் அவன்.

அவளுக்கு வயிறு எரியும். அவன் வேலைக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்து, ஓணானைத் தூக்கி மூலையில் விடுவாள். தையல் மெஷினும் அதே அறையில்தான். ஒரு பாவாடை தைத்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்திருப்பாள். அது மறுபடி ஏறும். இவள் மறுபடி தூக்குவாள்.

"ஒண்ணு மேல ஒண்ணு படுக்குமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஓணான்தான் அது மேல ஏறிப் படுக்கும். எந்நேரமும்."

"அது பாசம் இல்லம்மா. இருக்கறது ஒரே விளக்கு. மேல படுக்கறது கீழ இருக்கறதுக்குச் சூடு கிடைக்காம பறிச்சுக்குது. சூடு இல்லன்னா தின்னது செரிக்காது. அப்புறம் தின்னவே தின்னாது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிராண்டல் நின்றிருந்தது.

அந்த வீட்டில் தன் கட்சிக்கும் ஒரு ஆள் இருந்திருக்கிறது. எட்டு மாதமாக, வாய் திறக்காமல்.

"எட்டு மாசம் இப்படின்னா இது எப்பவோ போயிருக்கணுமே," என்றார் டாக்டரம்மா. "யாராவது தூக்கித் தூக்கி விட்டீங்களா?"

"நான்தான்."

"அதான் உசுரோட இருக்கு. நல்ல மனசும்மா உங்களுக்கு."

சீட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டார்: இன்றே தனித்தனியாக வைக்கவும். "இல்லன்னா பத்து நாள் தாங்காது."

வண்டி நிறுத்த இடமில்லாமல் அவன் வேனிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் ஏறி, இரண்டும் இருந்த பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவன் துண்டை விலக்கி அரணையைத் தடவினான்.

"என்ன சொன்னாங்க?"

சீட்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. துணியின் ஓரம் மடிப்பதுபோல் இரண்டு மடிப்பு மடித்தாள்.

"சத்து பத்தலையாம். ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டுமாம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. பரவாயில்லை, வீடு போய்ச் சேர்வதற்குள் திருத்திவிடலாம். காதில் சரியாக விழவில்லை என்று சொல்லலாம்.

அவன் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. பிரிக்கச் சொல்லிட்டா உன்னோடதை யார்கிட்டயாவது குடுக்கணுமேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்."

வேன் நகர்ந்தது. முன்கண்ணாடி வழியாக மதிய வெயில் பெட்டிக்குள் விழுந்தது. அரணை மெல்ல வெளிச்சத்துக்கு ஊர்ந்து வந்தது.

ஓணான் அதன் முதுகில் ஏறியது.

"பாரேன், ஒத்துமைய," என்றான் அவன்.

பழக்கத்தில் அவள் கை எழுந்தது.

எழுந்த கையால் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.