கரண்டு வருவதற்குள்

"ஏனுங்க, இந்த வீதியில வண்டி வாசி எதுவும் வராதுங்களா?"

கோயமுத்தூரிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த பாலகோபால் இதோடு மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டான். பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை. முப்பது வயதிருக்கும். கூடவே அவன் மனைவி சண்முகப்பிரியா.

"வராதுங்க தம்பி," என்றார் வீட்டுக்காரர் அரங்கசாமி. "வீதி மொனையில எழுத்து வெட்டின கல்தூணு ரெண்டு பாத்தீங்கல்ல? ராசா காலத்துல நட்டது. நடுவுல சைக்கிள் நுழையும், அத்தோட சரி. கோயில் மணிய உட்டா வேற சத்தமே கெடையாதுங்க. அவிநாசி சுத்துவட்டாரத்துலயே இப்படி ஒரு அமைதியான ஊரு இல்லீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கல்தூண் நிஜம், கோயில் நிஜம். அமைதிதான் பொய். பின்சுவரை ஒட்டியே பெரிய தறிக்குடோன். கரண்டு இருக்கிற வரைக்கும், இரவு பகல் பார்க்காமல் விசைத்தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வந்துவிடும். அதற்காகவே நாள் பார்த்து, இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

வேறு வழி இல்லை. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் தறிச் சத்தம் காதில் விழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மனைவி பழனாத்தாளோ சரியாகத் தூங்கி வருஷமாகிறது. ரத்தக்கொதிப்பு ஏறி, போன மாதம் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். 'இந்தச் சத்தத்துல வெச்சிருந்தா இனி மாத்திரை கேக்காதுங்க' என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வீடு கைமாறினால்தான் துடியலூரில் மகன் வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்க முடியும்.

சமையல்கட்டிலிருந்து பழனாத்தாள் கண்ணைக் காட்டினாள். உள்ளே போனார்.

"ஏனுங்க, அந்தம்மணிகிட்ட 'ஊடு புடிச்சிருக்குதா கண்ணு'ன்னு கேட்டேன். வாயே தொறக்கல. சிரிச்சுப்போட்டு செவுத்தைத் தடவிப் பாக்குது."

"டவுனுக்காரங்க புள்ள. நம்மகிட்டப் பேசினா முத்து உதுந்துருமாக்கும். நீ வெரசா காப்பியை ஊத்து. கரண்டு வர்ற நேரமாச்சு."

பழனாத்தாள் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இது பாவமில்லீங்களா? நான் படுற பாட்டை அந்தம்மணியும் படோணுமா? உண்மையைச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா நின்னு கேப்பாங்களா?" அவர் டம்ளரை வாங்கித் தானே காப்பியை ஊற்றினார். "எனக்கு நீ இருக்கோணும் புள்ள. பாவத்தை நான் சொமந்துக்கறேன்."

காப்பி வந்தது. பாலகோபால் மனைவியின் தோளைத் தொட்டு டம்ளரைக் கொடுத்தான். அவள் ஆற அமர ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். அரங்கசாமிக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இதை உட்டா அடுத்தது இருட்டினதுக்கப்புறந்தான்."

"இருக்கட்டுங்க. கெணத்துத் தண்ணியை ஒருக்கா பாத்துப்போட்டு வந்துர்றேன்."

கிணற்றைப் பார்த்தான். வாளியில் சேந்தி, குடித்துப் பார்த்தான். ஓட்டு முகட்டை அண்ணாந்து பார்த்தான். எந்த மூலை ஈசானம் என்று கேட்டான். அரங்கசாமி பதிலெல்லாம் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தே சொன்னார். வழியனுப்புகிற சாக்கில் வாசல்வரை வந்தும்விட்டார். இன்னும் நான்கு நிமிடம்.

பாலகோபால் திரும்பி மனைவி எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. சொன்ன வெலைக்கே எடுத்துக்கறோம். வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்களா?"

வெற்றிலை மாற்றிவிட்டால் இந்தப் பக்கம் யாரும் பேச்சு மாற மாட்டார்கள். அரங்கசாமி உள்ளே ஓடித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வெற்றிலையை அடுக்கினார், பாக்கை வைத்தார், கிழக்குப் பார்த்து நின்று தட்டை நீட்டினார். பாலகோபாலின் விரல் தட்டில் படப்போன நேரம், தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்றியது.

அடுத்த நொடி, பின்சுவருக்கு அப்பால் அத்தனை தறிகளும் ஒன்றாகக் கிளம்பின. அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கின. தட்டில் பாக்கு உருண்டது. பாலகோபால் கையை இழுத்துக்கொண்டான்.

பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்புத்தானுங்க தம்பி!" அரங்கசாமி சத்தத்துக்கு மேல் கத்தினார். கண் கலங்கிவிட்டது. "ராப்பகலா இப்படித்தானுங்க. கரண்டு இல்லாத நாளாப் பாத்து உங்களைக் கூப்பிட்டேன். இவ உசுரு போயிருமோன்னு பயந்து பொய் சொல்லிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க போயிட்டு வாங்க."

பாலகோபால் மனைவியைப் பார்த்தான். அவள் மிச்சமிருந்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அவன் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, அரங்கசாமியின் காதருகே குனிந்து சொன்னான்:

"நான் மில்லுச் சத்தத்துலயே கெடக்கறவனுங்க. இவளுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காதுங்க. பொறத்தால லாரிக்காரன் ஆரன் அடிச்சது தெரியாம போன வாரம் மயிரிழையில தப்பிச்சா, அதான் வண்டி வராத வீதியா ஊரூராத் தேடிட்டிருந்தோம்."